வரிசையும் விலையும்

மனிதர் கூடி வாழத் தொடங்கிய நாளிலேயே வரிசையும் தோன்றியிருக்க வேண்டும். பலர் வேண்டுவது ஒன்றாகவும், அது கிடைக்கும் வாயில் சிறியதாகவும் இருக்குமிடத்தில் யார் முன்னே, யார் பின்னே என்னும் கேள்வி எழாமல் இராது. அக்கேள்விக்கு உலகம் மூன்று விடைகளைக் கண்டிருக்கிறது. முதலில் வந்தவர் முதலில் பெறுக என்பது ஒன்று. மிகவும் தேவைப்படுபவர் முதலில் பெறுக என்பது மற்றொன்று. மிகுதியாகக் கொடுப்பவர் முதலில் பெறுக என்பது மூன்றாவது. வந்த வரிசை, தேவை வரிசை, பண வரிசை என்று இவற்றுக்குப் பெயரிடலாம். ஒரு சமுதாயம் எந்த இடத்தில் எந்த வரிசையை ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கொண்டே அதன் பண்பை ஓரளவு அளந்துவிடலாம்.

இம்மூன்று வரிசைகளும் இன்று ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் விமான நிலையத்தின் வாயில். ஒரே விமானம், ஒரே நேரத்தில் புறப்பாடு, ஒரே நேரத்தில் இறக்கம். ஆயினும் அதில் முந்தி ஏறுவதற்கென்று தனிக் கட்டணம் கொடுப்போர் இருக்கின்றனர். அதை வாங்குவோரும் இருக்கின்றனர். இது செல்வர்களின் சிறு வேடிக்கை என்று தள்ளிவிடத்தக்கதன்று. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து தமிழகத்திற்குப் பயணம் போகும் எளிய குடும்பங்களையும் அது தொடுகிறது. அக்குடும்பங்களின் மூன்று தலைமுறை வரலாற்றில் வரிசை என்ற ஒன்று வகித்த இடத்தை எண்ணிப் பார்த்தால், இச்சிறு கட்டணத்தின் பொருள் தெளிவாக விளங்கும்.

சிலியாவ், ரந்தாவ், லின்சம், லாபு, பகாவ் என எந்த வட்டாரத்துத் தோட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே நாள் தொடங்கியது வரிசையில்தான். விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிடப்படும்போது குரல் கொடுக்காதவருக்கு அன்றைய கூலி இல்லை. சம்பள நாளில் செக்ரோலில் பேர் எழுதப்பட்ட முறைப்படியே பணம் வழங்கப்படும். டிரசரின் மருந்து அறைக்கு முன்னே ஒரு வரிசை. லயத்துப் பொதுக் குழாயடியில் ஒரு வரிசை. இவற்றுள் முதல் இரண்டும் மேலிருந்து விதிக்கப்பட்டவை. குழாயடி வரிசையோ மக்கள் தாமே அமைத்துக்கொண்டது. அதற்கு எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. வாளி நின்றால் ஆள் நின்றதற்குச் சமம். வாளியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போன பெண்ணின் இடத்தை வேறொருவர் பறிப்பதில்லை. பறித்தால் சண்டை, அச்சண்டையில் ஊர் முழுவதும் வாளிக்காரியின் பக்கமே நிற்கும்.

அதே குழாயடியில் இன்னொரு சட்டமும் இருந்தது. நிறைமாதக்காரி வந்தால் வழிவிட வேண்டும். நோயாளி இருக்கும் வீட்டிலிருந்து குடத்தோடு சிறுமி ஓடி வந்தால் அவளை முன்னே விட வேண்டும். யாரும் அதை வரிசை மீறல் என்று சொல்வதில்லை. வந்த வரிசையைத் தேவை வரிசை இடைமறித்தபோது, மக்கள் அதை இயல்பாகவே ஏற்றுக்கொண்டனர். ஆனால் பணம் கொடுத்துக் குழாயடியில் முந்தியவர் என்று எவரும் இலர். அப்படி ஒரு வழி உண்டென்று கூட அங்கே எவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

பண வரிசை தோட்டத்தில் இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அது வேறோர் இடத்தில் ஒளிந்திருந்தது. பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை ஒதுக்கப்படும். சமதரையில் நன்றாகப் பால் வடியும் மரங்கள் கொண்ட நிரையும் உண்டு. மேட்டிலும் பள்ளத்திலும் ஏறியிறங்கி, வாளியில் பால் சேராத நிரையும் உண்டு. நல்ல நிரை யாருக்குப் போகிறது என்பது கங்காணியின் முகம் கோணாமல் நடந்துகொள்வதைப் பொறுத்தது என்ற பேச்சு லயங்களில் நிலைத்திருந்தது. அவ்வாறு கொடுக்கப்படுவதற்குக் கட்டணம் என்று பெயரில்லை. கொடுத்தவரும் வெளியே சொல்லார், வாங்கியவரும் சொல்லார். ஏமாந்தவர் மட்டும் மேட்டு நிரையில் மூச்சு வாங்குவார். முறையாகக் கிடைக்க வேண்டிய ஒன்று விலைக்குப் போவதன் கசப்பைத் தோட்டத் தமிழர் அறிந்தது இவ்விடத்தில்தான்.

அதற்கும் முன்னே, இந்நாட்டு மண்ணை மிதிக்குமுன்பே, அவர்கள் கண்ட வரிசை ஒன்றுண்டு. அது கப்பல் வரிசை. 1907ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, தோட்ட முதலாளிகளிடமிருந்து வரி பெற்று, தொழிலாளரின் கப்பல் செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து அவர்கள் மலாயாவுக்கு அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்வாறு ஆளனுப்புவதைத் தடை செய்யும் வரை இம்முறை நீடித்தது. பின்னர்ச் சொந்தச் செலவில் ஊருக்குப் போய்வந்தவர்களும் அதே கடல்வழியையே நம்பினர்.

அக்கடல்வழியின் பெயர் பெற்ற கப்பல் ‘ரஜூலா’. 1926ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய அக்கப்பல், சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களோடு 1973 வரை இணைத்தது. அறைகளில் தங்கிப் பயணம் செய்தவர்கள் மிகச் சிலர். திறந்த தளங்களில் பாய் விரித்துப் பயணம் செய்ய இடம் பெற்றவர்களோ தொடக்க காலத்தில் 5,000க்கும் மேற்பட்டோர். இவர்களை மக்கள் ‘டெக்’ பயணிகள் என்றனர். அறைப் பயணிக்குத் தனி ஏணி, தனி உணவு, தனிக் காற்று. டெக் பயணிக்குத் தகரப்பெட்டியின் அளவே எல்லை. அந்த எல்லையைப் பிடிப்பதற்குத்தான் போட்டி. நிழலுள்ள மூலை கிடைக்குமா, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்குமா, இயந்திரத்தின் சூடு தாக்காத இடமா என்பவை எல்லாம் முந்தி ஏறுவதைப் பொறுத்திருந்தன. ஏறத்தாழ ஒரு வாரப் பயணத்தின் இன்ப துன்பம் ஏணியில் கால் வைத்த நேரத்தால் முடிவாயிற்று.

இறங்கும்போதும் வேறுபாடு தொடர்ந்தது. தொற்றுநோய் அச்சத்தால் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் தனிமை முகாம்கள் இருந்தன. அம்முகாம்களில் காத்துக் கிடந்தவர்கள் டெக் பயணிகளே. அறைப் பயணிகள் கரையேறித் தம் வழியே போயினர். நோய்க்கிருமி பயணச்சீட்டின் வகுப்பைப் பார்த்து மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் சட்டம் அவ்வகுப்பைப் பார்த்தது. விலைக்கு வாங்கப்பட்டது வசதி மட்டுமன்று; மற்றவர்மீது ஏற்றப்பட்ட சுமையிலிருந்து விலகி நிற்கும் உரிமையும் விலைக்கு வாங்கப்பட்டது. இவ்வேறுபாடு நினைவில் இருத்தத் தக்கது, பின்னே பயன்படும்.

‘ரஜூலா’வுக்குப் பின் ‘சிதம்பரம்’ என்ற கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் ஏற்பட்ட தீ விபத்து அதன் ஓட்டத்தை முடித்தது. இனி ஊருக்குப் போக வேண்டுமானால் வானமே வழி என்றாயிற்று. பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு அவ்வழி நெடுங்காலம் எட்டாத உயரத்தில் இருந்தது. அண்ணன் இறந்த செய்தி கடிதத்தில் வரும்; அழுது முடித்து மறுநாள் பெரட்டுக்குப் போவார்கள். ஊருக்குப் போய்வருவது வாழ்நாளில் ஒருமுறை நிறைவேறினால் உண்டு.

இந்நிலையை மாற்றியவை குறைந்த கட்டண விமானங்கள். 1998ஆம் ஆண்டில், எண்ணெய்ப்பனை வளர்ந்த நிலத்தில், செப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. நெகிரி செம்பிலானின் நீலாய் அதற்கு அண்டை ஊர். 2006ஆம் ஆண்டில் அங்கேயே குறைந்த கட்டண முனையம் ஒன்று எழுந்தது. 2008 டிசம்பரில் ஏர் ஏசியா நிறுவனம் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு நேரடிச் சேவை தொடங்கியது. காவிரிக்கரை மாவட்டங்களில் வேர் கொண்ட எத்தனையோ தோட்டக் குடும்பங்களுக்கு, ஒரு வாரக் கடல் தூரம் நான்கு மணி நேர வான் தூரமாகச் சுருங்கியது.

விமான நிலையமே தோட்டத்திற்குள் வந்துவிடும் நிலையும் ஒருமுறை ஏற்பட்டது. 2009 ஜனவரியில் லாபுவில், சைம் டார்பி நிறுவனத்தின் தோட்ட நிலத்தில், 160 கோடி ரிங்கிட் செலவில் குறைந்த கட்டண விமானங்களுக்கென்றே ஒரு நிலையம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டது. அம்மாத முடிவுக்குள்ளேயே அது கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாகச் செப்பாங்கிலேயே புதிய முனையம் கட்டப்பட்டு 2014 மே மாதத்தில் திறக்கப்பட்டது. லாபுவில் விமானம் இறங்கவில்லை. எனினும், பெரட்டுக் களத்திற்கும் விமான வாயிலுக்கும் இடையிலிருந்த தொலைவு எவ்வளவு குறைந்துவிட்டது என்பதை அத்திட்டம் காட்டியது.

அவ்விமான வாயிலில் தோட்டத்து மக்கள் கண்ட வரிசை எத்தகையது? ஏர் ஏசியாவின் தொடக்க ஆண்டுகளில் பயணச்சீட்டில் இருக்கை எண் கிடையாது. முதலில் ஏறியவர் விரும்பிய இடத்தில் அமர்வார். டெக் பயணமேதான், பாய்க்கு மாற்றாக இருக்கை. அப்போதே, கூடுதல் கட்டணம் கொடுத்தால் மற்றவருக்கு முன்னே ஏறலாம் என்ற ஏற்பாடும் இருந்தது. பின்னர் இருக்கை எண்கள் வந்தன. இன்று முன்வரிசை இருக்கைக்கு மிகுதியாகக் கொடுப்பவர் முந்தி ஏறும் சலுகையையும் சேர்த்தே பெறுகிறார்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம் 1971 முதல் இருக்கை எண் இல்லாமலேயே பயணிகளை ஏற்றி வந்தது. எல்லாரும் ஒரே தரம் என்பது அதன் பெருமை. 2009ஆம் ஆண்டில் 10 டாலர் கொடுத்தால் வரிசையில் முன்னிடம் கிடைக்கும் என்று அறிவித்தது. 2024ஆம் ஆண்டில் பழைய முறையையே கைவிடப் போவதாகத் தெரிவித்தது. 2026 ஜனவரியில் அங்கும் இருக்கை எண்கள் வந்துவிட்டன. வந்த வரிசையில் பெருமை கொண்டிருந்த ஒரு நிறுவனம் சிறிது சிறிதாகப் பண வரிசைக்கு இடம் கொடுத்த கதை இது.

இருக்கை எண் இல்லாத காலத்தில் முந்தி ஏற விரும்பியது புரிகிறது. இருக்கை உறுதியான பின்னும் முந்தி ஏறப் பணம் கொடுப்பானேன்? முன்னே ஏறியவர் முன்னே திருச்சியில் இறங்கிவிடப் போவதில்லையே! உண்மையில், முந்தி ஏறியவர் குறுகிய இருக்கையில் மிகுதியான நேரம் முடங்கிக் கிடக்கிறார். இப்புதிருக்கு விடை இருக்கையில் இல்லை. இருக்கைக்கு மேலே இருக்கிறது. கைப்பைகளை வைக்கும் மேல்தட்டில் எல்லாருடைய பைக்கும் இடம் போதாது. முன்னே ஏறியவரின் பைக்கு இடம் உண்டு. கடைசியில் ஏறியவரின் பை, வாயிலிலேயே வாங்கப்பட்டு, விமானத்தின் அடிவயிற்றுக்குப் போகிறது.

அந்த இடம் ஏன் போதாமற் போயிற்று? முன்பெல்லாம் பெட்டியைப் பயணச்சீட்டின் விலைக்குள்ளேயே ஏற்றிச் சென்றனர். 2008ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களும் முதல் பெட்டிக்கே கட்டணம் விதிக்கத் தொடங்கின. கட்டணத்திற்கு அஞ்சியவர்கள் பெட்டியைச் சுருக்கிக் கையில் எடுத்தனர். கைப்பைகள் பெருகின, மேல்தட்டு நிரம்பியது. தட்டு நிரம்பியதால் முந்தி ஏறும் உரிமைக்கு விலை கிடைத்தது. ஐரோப்பாவின் ரயன்ஏர் நிறுவனம் இதை ஒளிக்கவில்லை. 2018 முதல், முந்தி ஏறும் உரிமை வாங்கியவரே பெரிய கைப்பையை உள்ளே கொண்டு வரலாம் என்று விதி செய்தது. ஆக, விற்கப்படுவது நேரமன்று, இடம். இடமும் இயற்கையாகக் குறைந்ததன்று. ஒரு கட்டணம் உண்டாக்கிய குறைவை மற்றொரு கட்டணம் தீர்த்து வைக்கிறது.

பயணிகளை இவ்வாறு பிரித்து ஏற்றுவது விரைவாகப் புறப்படுவதற்காக என்று எண்ணுவோரும் உளர். அமெரிக்க வானியற்பியலறிஞர் ஜேசன் ஸ்டெஃபன் இதை ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தார். பின்னர் 72 பேரை வைத்து, விமானத்தின் உட்புறம் போன்ற கூடம் ஒன்றில் அது சோதிக்கப்பட்டது. பின்பகுதி, நடுப்பகுதி என்று கூட்டங்கூட்டமாக ஏற்றியபோது ஏறத்தாழ 7 நிமிடம் ஆயிற்று. எந்த ஒழுங்குமின்றி வந்தபடியே ஏறவிட்டபோது 5 நிமிடத்திற்கும் குறைவாகவே பிடித்தது. சன்னலோரத்தார் முதலில், அதிலும் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக என்ற ஸ்டெஃபனின் முறையில் 3 நிமிடம் 36 வினாடி போதுமாயிற்று. காரணம் எளியது. பையை மேலே வைப்பவர் நடைவழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரே பகுதியார் ஒன்றாக ஏறினால் ஒருவர் பின் ஒருவராகக் காத்து நிற்கின்றனர். சிதறி ஏறினால் பலர் ஒரே நேரத்தில் பையை வைத்து முடிக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் யுனைடெட் நிறுவனம் சன்னலோரத்தாரை முதலில் ஏற்றும் முறைக்குத் திரும்பியது. ஆனால் அங்கும் சலுகை பெற்றோர் ஏறிய பின்னரே அம்முறை தொடங்குகிறது. முன்வரிசைக்காரரை முதலில் ஏற்றுவதை அறிவியல் வற்புறுத்தவில்லை, வணிகமே வற்புறுத்துகிறது.

இவ்வளவும் சொன்ன பின், மறுபக்கத்தையும் கேட்பதே முறை. பயணச்சீட்டு மலிவாக இருப்பதற்கு இச்சிறு கட்டணங்களும் ஒரு காரணம். முன்வரிசைக்கும் முந்தி ஏறுவதற்கும் சிலர் கொடுக்கும் மிகுதிப் பணம், பின்வரிசைக்காரரின் சீட்டு விலையைத் தாழ்த்த உதவுகிறது. அந்தத் தாழ்ந்த விலை இல்லையேல் லயத்தில் வாழ்ந்த குடும்பம் வானில் பறந்திருக்குமா? மேலும், இக்கட்டணம் வெளிப்படையானது. விலை எழுதப்பட்டிருக்கிறது, எவரும் வாங்கலாம். கங்காணிக்கு மறைவில் கொடுத்ததைப் போன்றதன்று. மறைவில் விற்கப்பட்ட நல்ல நிரையை விட, வெளியே விலை எழுதி விற்கப்படும் முன்னிடம் நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வயதான தாயை அருகில் அமர்த்திக்கொள்ள ஒரு மகன் நாற்பது ஐம்பது ரிங்கிட் கொடுக்கிறான் என்றால் அவனைக் குறை கூறுவார் யார்?

எனினும், வெளிப்படையாக இருத்தல் மட்டும் ஒன்றை நீதியாக்கிவிடுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. தோட்டமொன்றில் நாற்பது ஆண்டுகள் பால் வெட்டிய மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தம் பெற்றோர் பிறந்த ஊரைக் கண்ணால் காண முதன்முதலாகப் பயணம் போகிறார். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பேத்தி துணைக்கு வருகிறாள். அனுமதிக்கப்பட்ட 7 கிலோ எடைக்குள் அடங்கும் ஒரு பை. அதில் நீரிழிவு மாத்திரைகள். உறவினருக்குக் கோடரித் தைலப் புட்டிகள் இரண்டு. இறந்த கணவரின் நிழற்படம் ஒன்று. ஊர்க் கோயிலில் அப்படத்தை வைத்துக் கும்பிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். வாயிலில் அழைப்பு வருகிறது. சிலர் எழுந்து போகின்றனர்.

“ஏன் கண்ணு, அவங்க நமக்குப் பொறவுதானே வந்தாங்க?” என்கிறார் மூதாட்டி.

“அவங்க முந்தி ஏறக் காசு கட்டியிருக்காங்க, பாட்டி.”

“சீட்டுதான் எல்லாருக்கும் இருக்கே. அப்புறம் எதுக்குக் காசு?”

பேத்திக்கு விடை தெரியவில்லை. விடை விமானத்தின் வாயிலில் கிடைக்கிறது. மேல்தட்டு நிறைந்துவிட்டது, பை கீழே போக வேண்டும் என்கிறார் ஊழியர். மூதாட்டி பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். பேத்தி மெல்ல அதைத் திறந்து, மாத்திரைகளையும் நிழற்படத்தையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பையை மட்டும் கொடுக்கிறாள்.

இம்மூதாட்டிக்கு எவரும் தீங்கு செய்யவில்லை. ஊழியர் தம் கடமையைச் செய்தார். முந்தி ஏறியவர்கள் வாங்கிய உரிமையைப் பயன்படுத்தினர். ஆயினும் அங்கே ஒன்று பிழைபட்டிருக்கிறது. குழாயடியில் யாரும் கேளாமலேயே வழிவிடப்பட்டிருக்கக் கூடிய ஒருவர் இங்கே கடைசியில் நின்றார். பெரும்பாலான விமான நிறுவனங்கள் முதியோரையும் கைக்குழந்தையோடு வருவோரையும் உதவி வேண்டுவோரையும் கட்டணமின்றி முன்னே அழைக்கின்றன. தேவை வரிசை அங்கும் இருக்கிறது. ஆனால் அது கேட்பவர்க்கே திறக்கும் கதவு. அறிவிப்பு ஆங்கிலத்திலும் மலாயிலும் ஒலிபெருக்கியின் இரைச்சலில் வருகிறது. கேட்டுப் பழகியவர் எழுகிறார். கூப்பிட்டால் மட்டும் குரல் கொடுக்கப் பழக்கப்பட்டவர் அமர்ந்திருக்கிறார். பெரட்டுக் களம் கற்றுக்கொடுத்த அடக்கம், விமான வாயிலில் அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது.

கேட்டால் கதவு திறக்கும் என்பதற்குச் சான்று உண்டு. செப்பாங்கின் பழைய குறைந்த கட்டண முனையத்தில் பயணிகள் வெட்டவெளியில் நடந்து படியேறியே விமானத்தை அடைந்தனர். நடக்க இயலாதவர்க்கு அப்படிகளே மதிலாயின. 2007ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் சக்கர நாற்காலிகளோடு அங்கே திரண்டு தம் உரிமையைக் கேட்டனர். அதன் பின்னரே அவர்களை ஏற்றுவதற்கான கருவிகள் வந்தன. பணத்தால் அன்று, குரலால் பெற்ற முன்னிடம் அது.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல், பணத்தால் வாங்கத் தகாதவை எவை என்பதைப் பற்றி 2012ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். வரிசையில் முந்துவதைப் பற்றிய சிந்தனையோடுதான் அந்நூலின் முதல் இயல் தொடங்குகிறது. சந்தைக்கு ஒரு நெறி உண்டு. வரிசைக்கு ஒரு நெறி உண்டு. ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்கும்போது விற்கப்படும் பொருளின் தன்மையே மாறிவிடக் கூடும் என்பது அவர் எழுப்பும் கவலை. எல்லா வரிசையும் புனிதமானது என்று அவர் சொல்லவில்லை. எந்த வரிசையை எங்கே விற்கலாம் என்று ஆராயச் சொல்கிறார்.

அவ்வாராய்ச்சிக்குத் தோட்ட வரலாறே இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. பணம் வசதியை வாங்கலாம். தேவைப்படுபவரைத் தாண்டிப் போகும் உரிமையை வாங்கலாகாது. இது குழாயடி தந்த அளவுகோல். முன்னிடத்தை விற்பதற்காகக் கடைசி இடத்தை வேண்டுமென்றே மோசமாக்கலாகாது. இது கப்பல் தளமும் ஜெரஜாக் தீவும் தந்த அளவுகோல். அகன்ற இருக்கையை விற்பதில் தவறில்லை. சூடான உணவை விற்பதில் தவறில்லை. முதியவரின் கைப்பைக்கு இடமில்லாமல் செய்துவிட்டு, அந்த இடத்தையே விற்பதில்தான் மனம் உறுத்துகிறது. அறைப் பயணி நல்ல காற்று வாங்கியதை எவரும் குறை கூறவில்லை. அவர் கரையேறிப் போக, டெக் பயணி முகாமில் கிடந்ததுதான் நெஞ்சைச் சுட்டது.

இன்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் பெரும்பாலும் மறைந்து எண்ணெய்ப்பனை நிற்கிறது. லயங்களில் வாழ்ந்தோரின் பிள்ளைகள் சிரம்பானுக்கும் செனவாங்கிற்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்களுள் பலர் இன்று முந்தி ஏறும் கட்டணத்தைத் தயங்காமல் கொடுக்க வல்லவர்கள். அது மகிழ்ச்சிக்குரியது. டெக்கில் வந்தவரின் பேரன் முன்வரிசையில் அமர்வது வளர்ச்சியின் அடையாளமே. ஆனால் முன்னே போய்விட்டவன் பின்னே திரும்பிப் பார்க்க மறந்தால், வளர்ச்சி வெறும் இடமாற்றமாகிவிடும்.

தமிழாசிரியர் இதை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம். முறை, வரிசை, நிரை, பந்தி, அணி என ஒழுங்கைக் குறிக்கத் தமிழில் எத்தனையோ சொற்கள் உள்ளன. அவற்றுள் ‘முறை’ என்ற சொல் ஒழுங்கையும் குறிக்கும், நீதியையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். ஒழுங்கு, நீதி, உறவு ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதை மாணவர் உணர்ந்தால், வரிசை என்பது வெறும் எண்ணிக்கையன்று என்பது அவர்களுக்குப் புரியும். அறிவிப்பைக் கூர்ந்து கேட்பது, தாத்தா பாட்டிக்கு உரிய உதவியை ஊழியரிடம் கூச்சமின்றிக் கேட்டுப் பெறுவது, மருந்தையும் அரிய பொருளையும் தனிச் சிறு பையில் கையோடு வைத்துக்கொள்வது ஆகியவற்றைப் பழக்குவதும் கல்வியே. பணம் கட்டி முந்தி ஏறிய மாணவன் ஒருவன், மேல்தட்டிலிருந்த தன் பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு, பின்னே வரும் மூதாட்டியின் பைக்கு இடம் கொடுப்பானானால், அவன் கற்ற கல்வி வீணாகவில்லை என்று கொள்ளலாம்.

முன்னிடத்திற்கு விலை குறிப்பவர்கள் குறிக்கட்டும். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். வழிவிடுவதற்கு மட்டும் எந்த நிறுவனமும் இதுவரை விலை குறிக்கவில்லை. அது இன்னும் மனிதரின் கையிலேயே இருக்கிறது.